பட்டன் இல்லாத போனில் பின்னால் போவது எப்படி? ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்குமான விரல் வழிகாட்டி

கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போகிற பிள்ளை புது ஐபோன் வாங்கியதும், பழைய சாம்சங்கோ ரெட்மியோ ஊரில் இருக்கிற அப்பாருக்கு வந்து சேரும். சில வீடுகளில் பிள்ளையின் பழைய ஐபோனே அம்மாவின் கைக்குப் போகும். அம்மாவோ வருசக்கணக்கில் ஆண்ட்ராய்டில் பழகியவர். எந்தப் பக்கம் மாறினாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "பின்னால போகோணும்னா எங்க கண்ணு அமுத்தறது?"

தொடுதிரையில் நூறு வகை விரல் வேலை இருப்பதுபோலத் தோன்றும். ஒரு விதி பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். திரையின் நான்கு ஓரங்களும் போனுக்குச் சொந்தம். நடுப்பகுதி அப்போது திறந்திருக்கிற ஆப்புக்குச் சொந்தம். காட்டுக்குள் சோளம் போடுவதும் மஞ்சள் போடுவதும் காட்டுக்காரர் இஷ்டம், வரப்பு மட்டும் பொது என்பது மாதிரி. ஓரத்தில் ஆரம்பித்துத் தள்ளினால் போன் கேட்கும்: பின்னால் போகும், வெளியே போகும், நோட்டிஃபிகேஷன் இறங்கும். நடுவில் ஆரம்பித்துத் தள்ளினால் ஆப் கேட்கும்: பட்டியல் நகரும், அடுத்த போட்டோ வரும். விரல் எங்கே போய் நிற்கிறது என்பதைவிட எங்கே தொடங்கியது என்பதுதான் கணக்கு.

இதை வாட்ஸ்அப்பில் இப்போதே சோதிக்கலாம். வந்த செய்தி ஒன்றை வலப்பக்கம் தள்ளினால் அதற்கு மட்டும் பதில் எழுதும் பெட்டி வரும். இரண்டு வகைப் போனிலும் இது உண்டு. ஆனால் வந்த செய்திகள் இடது ஓரத்தை ஒட்டியே இருக்கும். விரலை ஓரத்திலிருந்து இழுத்தால் பதில் பெட்டிக்குப் பதிலாகச் சாட்டே மூடிப் பட்டியலுக்குப் போய்விடும். செய்தியின் எழுத்துகள் மேல், ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி வைத்து இழுத்தால் சரியாக வரும். "இந்த போன் சொன்னபடி கேக்க மாட்டேங்குது" என்கிற புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு விரல் அகலத்தில்தான் இருக்கிறது.

உங்கள் போன் எந்த வகை?

திரையின் அடிப்பகுதியைப் பாருங்கள். மூன்று குறிகள் வரிசையாக இருந்தால் அது மூன்று பட்டன் முறை. ஆண்ட்ராய்டில் மட்டும் உண்டு. மெல்லிய கோடு ஒன்று படுத்திருந்தால் அது விரலால் தள்ளுகிற ஸ்வைப் முறை. திரைக்குக் கீழே உருண்டையாக ஒரு நிஜ பட்டன் இருக்கிற ஐபோன் என்றால் அது பழைய வகை. 2020, 2022 ஆண்டுகளில் வந்த ஐபோன் எஸ்இ கூட இந்த வகைதான். கோடும் இல்லை, குறியும் இல்லை என்றால் ஸ்வைப் முறையில் கோட்டை யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள்.

மூன்று பட்டன் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. சாம்சங்கில் பின்செல்லும் குறி வலது கோடியில். பிக்சல், மோட்டோரோலாவில் இடது கோடியில். கம்பெனி மாறினால் பழகிய கட்டைவிரல் தவறான இடத்தில் விழும். சாம்சங்கில் செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே → நேவிகேஷன் பார் போனால், பட்டன் வரிசையை மாற்றும் வசதி அங்கேயே இருக்கிறது. ஸ்வைப் முறையா பட்டன் முறையா என்று தேர்ந்தெடுப்பதும் அதே பக்கத்தில்தான். பிக்சலில் செட்டிங்ஸ் → சிஸ்டம் போய்ப் பாருங்கள். மற்ற கம்பெனிகளில் மெனுவின் இடம் வருசத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அதனால் செட்டிங்ஸின் உச்சியில் இருக்கிற தேடல் பெட்டியில் நேவிகேஷன் என்று தேடுவதே சுருக்கு வழி.

வயதானவர்களுக்குக் கொடுக்கிற ஆண்ட்ராய்டு போனில் மூன்று பட்டன் முறையை வைத்துவிடுங்கள். அது பழைய பாணி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கண்ணுக்குத் தெரிகிற பட்டனை மறந்தாலும் பார்த்து அமுத்தலாம். கண்ணுக்குத் தெரியாத ஸ்வைப்பை மறந்தால் யாரையாவது கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். ஐபோனில் இந்தத் தேர்வே கிடையாது.

பின்னால் போவது

ஆண்ட்ராய்டு ஸ்வைப் முறையில் இடது ஓரம், வலது ஓரம் இரண்டுமே பின்செல்லும் வழிதான். விரலைத் திரையின் விளிம்பில் வைத்து உள்பக்கமாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இழுங்கள். சின்ன அம்புக்குறி தலைகாட்டும். விரலை எடுத்தால் ஒரு பக்கம் பின்னால் போகும். மனசு மாறினால் விரலை எடுக்காமல் அப்படியே திரும்ப ஓரத்துக்குக் கொண்டுபோய் எடுங்கள், ஒன்றும் ஆகாது. இந்த ரத்து வழி பலருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு 15 முதல், பல ஆப்களில், விரலை எடுக்கும் முன்பே எந்தத் திரைக்குப் போகப் போகிறோம் என்பது பின்னால் எட்டிப் பார்க்கும்.

ஐபோனில் எல்லா இடத்துக்கும் பொதுவான பின்செல்லும் வழி கிடையாது. இடத்துக்குத் தகுந்தபடி நான்கு வழி. ஒன்று, மேல் இடது மூலையில் இருக்கிற அம்புக்குறி. இரண்டு, இடது ஓரத்திலிருந்து வலப்பக்கம் இழுப்பது. வலது ஓரத்தில் இழுத்தால் பின்னால் போகாது. மூன்று, கீழிருந்து மேலே எழும்பி வந்த பக்கமாக இருந்தால் அதன் உச்சியைப் பிடித்துக் கீழே தள்ளுவது, அல்லது மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தொடுவது. நான்கு, ஒரு ஆப்பிலிருந்து இன்னொரு ஆப்புக்குத் தாவியிருந்தால் (வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொட்டு சஃபாரிக்குப் போனது போல) திரையின் இடது உச்சியில், மணி காட்டும் இடத்தை ஒட்டி, வாட்ஸ்அப் என்று பொடி எழுத்தில் ஒரு அம்பு இருக்கும். அதைத் தொட்டால் வந்த இடத்துக்கே திரும்பலாம். அந்த எழுத்து சின்னதாக இருப்பதால் கண்ணில் படுவதே இல்லை.

இந்த வித்தியாசம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 2007இல் வந்த முதல் ஐபோனில் முகப்பில் இருந்தது ஒரே பட்டன், வெளியே போவதற்கு மட்டும். பின்செல்லும் வேலையை ஆப் எழுதுகிறவரிடம் விட்டுவிட்டார்கள். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் பின்செல்வதற்கென்றே தனிப் பட்டன் இருந்தது. நிஜ பட்டன்கள் போய்ப் பல வருசம் ஆகிவிட்டது, வழக்கம் மட்டும் நிற்கிறது. ஐபோனில் வாங்கிய கையோடு வலது ஓரத்தை இழுத்துப் பார்த்து "கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகாதீர்கள்.

இன்னொரு வித்தியாசம்: ஆப்பின் முதல் பக்கத்தில் இருக்கும்போது ஆண்ட்ராய்டில் மறுபடி பின்சென்றால் ஆப்பை விட்டே வெளியே வந்துவிடும். ஐபோனில் முதல் பக்கத்தில் எவ்வளவு இழுத்தாலும் அங்கேயேதான் நிற்கும். கீழ்க்கோட்டிலிருந்து மேலே தள்ளினால்தான் வெளியே வரலாம்.

பணம் அனுப்பும்போது இது முக்கியம். யுபிஐ ஆப்பில் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பிறகு திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது பொறுமை இழந்து ஓரத்தை இழுத்தால் திரை மூடும், ஆனால் பேங்க்குக்குப் போன உத்தரவு ரத்தாகாது. மறுபடி ஸ்கேன் செய்து மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போய்விடும். ஆப்பைத் திறந்து, ஹிஸ்டரியில் அந்தத் தொகை வெற்றி, தோல்வி, நிலுவை எதில் நிற்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த அடி. நிலுவை என்றால் அது தீரும்வரை மறுபடி அனுப்பாதீர்கள்.

வெளியே வருவதும் ஆப் மாற்றுவதும்

இரண்டு போனிலும் இப்போது ஒரே மாதிரிதான். ஐபோன் 2017இல் ஐபோன் பத்தில் உருண்டைப் பட்டனை எடுத்துவிட்டு இந்த முறைக்கு வந்தது. ஆண்ட்ராய்டு 2018இல் பாதி வந்து, 2019இல் ஆண்ட்ராய்டு 10இல் முழுசாக வந்தது. இருவருக்கும் முன்பே பாம் கம்பெனி 2009இலும் நோக்கியா என்9 போன் 2011இலும் ஸ்வைப்பை நம்பி வந்திருந்தன, சந்தையில்தான் நிற்கவில்லை.

கட்டைவிரலைக் கீழ்க்கோட்டின் மேல் வையுங்கள். நிறுத்தாமல் மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே தள்ளி எடுத்தால் முகப்புத் திரை. அதே தள்ளலைத் திரையின் நடுவரை கொண்டுபோய் அரை நொடி நிறுத்தினால், திறந்திருக்கிற ஆப்கள் அட்டை அட்டையாக வரிசையில் நிற்கும். அப்புறம் விரலை எடுக்கலாம். பாதை ஒன்றுதான், நிறுத்துவதில்தான் வித்தியாசம். பழகாத கை பயந்து பயந்து மெதுவாகத் தள்ளும்; முகப்பு கேட்டால் அட்டைகள் வரும். அப்படி வருகிறவர்களுக்கு "வேகமாத் தள்ளுங்க" என்று சொன்னால் போதாது; "தள்ளிட்டு உடனே விரலை எடுங்க" என்று சொல்லுங்கள், சரியாகிவிடும். கீழ்க்கோட்டின் மேலேயே இடம் வலமாக இழுத்தால் இதற்கு முன் பார்த்த ஆப்புக்கு நேராகத் தாவலாம். பில் பார்த்துக்கொண்டே கால்குலேட்டரைத் தட்டுகிறவர்களுக்கு இதைவிட உதவியானது வேறில்லை.

அட்டையை மேலே தள்ளினால் ஆப் மூடும். எல்லா அட்டைகளையும் தினமும் துடைத்துத் தள்ளினால் பேட்டரி மிச்சம் என்கிற பழக்கம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. பலனில்லை. பின்னால் நிற்கிற ஆப்களைப் போனே உறங்க வைத்துவிடும். மூடிவிட்டு மறுபடி திறப்பதற்குத்தான் கூடுதல் வேலை. அசையாமல் நின்றுபோன ஆப்பை மட்டும் தள்ளுங்கள்.

தமிழில் டைப் அடிக்கும்போது ஸ்பேஸ் பாரை அடிக்கப் போய்க் கீழ்க்கோட்டில் கை பட்டு வெளியே வந்துவிடுகிறதா? கட்டைவிரலின் நுனியை ஸ்பேஸ் பாரின் மேல் பாதியில் குத்துங்கள். ஸ்பேஸ் பாரிலேயே இன்னொரு வசதி: ஐபோனில் அதை அமுத்திப் பிடித்து நகர்த்தினால் கர்சர் எழுத்துக்கு எழுத்து நகரும், கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் அமுத்திப் பிடிக்காமல் அதன் மேல் இடம் வலமாகத் தேய்த்தாலே போதும். நடுவில் ஒரு கொம்பையோ புள்ளியையோ திருத்த விரலால் குத்திக் குத்திப் போராட வேண்டாம்.

பட்டியலின் கோடிக்கு வந்துவிட்டால் போன் அதையும் காட்டும், ஹேங் ஆனது என்று நினைத்துவிடாதீர்கள். ஐபோனில் பட்டியல் ரப்பர் போல இழுபட்டுத் துள்ளித் திரும்பும். ஆண்ட்ராய்டில் வெகுகாலம் ஓரத்தில் ஒரு ஒளி மட்டும் தெரிந்தது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் திரையே சற்று நீண்டு சுருங்கும். இந்தத் துள்ளலுக்கு ஆப்பிள் காப்புரிமை வைத்திருந்தது. சாம்சங் மேல் போட்ட வழக்கில் அமெரிக்க ஜூரி 2012இல் 105 கோடி டாலர் கொடுக்கச் சொன்னபோது அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று. மேல்முறையீடுகள் போய், 2018இல்தான் இருவரும் சமரசம் ஆனார்கள். ஒரே வேலைக்கு இரண்டு கம்பெனியிலும் ஏன் வேறு வேறு அசைவு என்று எரிச்சல் வந்தால், இந்த மாதிரி வழக்குகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து இழுப்பது

பட்டன் இல்லாத ஐபோனில் மேல் வலது மூலையிலிருந்து இழுத்தால் வைஃபை, டார்ச் இருக்கிற கட்டுப்பாட்டுப் பலகை. இடதிலோ நடுவிலோ இழுத்தால் நோட்டிஃபிகேஷன். உருண்டைப் பட்டன் ஐபோனில் கட்டுப்பாட்டுப் பலகை கீழிருந்து மேலே வரும். பழைய ஆண்ட்ராய்டுகளில் ஒரு தடவை இழுத்தால் நோட்டிஃபிகேஷன், இரண்டு விரலால் இழுத்தால் முழுப் பலகை. சாம்சங் 2025இல் ஒன் யுஐ 7 அப்டேட்டில் ஐபோன் போலவே இடம், வலம் என்று பிரித்துவிட்டது. அப்டேட் ஆன மறுநாள் "டார்ச்சைக் காணோம்" என்று போன் வந்தால் காரணம் இதுதான். வலது மூலையிலிருந்து இழுத்து, பென்சில் குறியைத் தொட்டு, பேனல் செட்டிங்ஸில் இரண்டையும் ஒன்றாகக் காட்டும் தேர்வை வைத்தால் பழையபடி ஆகிவிடும்.

கட்டைவிரல் உச்சிக்கு எட்டவில்லை என்றால் ஐபோனில் கீழ்க்கோட்டின் மேல் விரலை வைத்துக் கீழ்நோக்கித் தேய்த்தால் திரையின் மேல்பாதி கீழே இறங்கி வரும். செட்டிங்ஸ் → அக்சசிபிலிட்டி → டச் → ரீச்சபிலிட்டி ஆனில் இருக்க வேண்டும். சாம்சங்கில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸில் ஒன் ஹேண்டட் மோட்.

கால் எடுப்பது

ஐபோன் பூட்டியிருக்கும்போது கால் வந்தால் தள்ளுகிற பட்டை வரும். திறந்திருக்கும்போது வந்தால் பச்சை, சிவப்பு என்று தொடுகிற பட்டன் வரும். ஒரே போனில் இரண்டு விதம். பையில் கிடக்கும்போது தானாக எடுத்துவிடாமல் இருக்கத்தான் பூட்டியபோது தள்ளச் சொல்கிறது. சாம்சங்கில் பூட்டியிருக்கும்போது பச்சை வட்டத்தைத் தொட்டால் போதாது. பிடித்து வெளிப்பக்கம் எந்தத் திசையிலாவது இழுக்க வேண்டும். பெரியவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். போன் ஆப்பின் செட்டிங்ஸில் ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ் பகுதியில், வால்யூம் கூட்டும் பட்டனை அமுத்தினால் கால் எடுக்கும் தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்து கொடுங்கள். திரையையே பார்க்க வேண்டாம். ஐபோனில் பக்கவாட்டு பட்டனை ஒருமுறை அமுத்தினால் மணிச்சத்தம் நிற்கும், இரண்டு முறை அமுத்தினால் கால் கட்டாகும். சத்தத்தை நிறுத்தப் போய்க் காலையே கட் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமுத்திப் பிடிப்பது, கை நடுங்குவது

தொட்டு எடுப்பது ஒரு வேலை, தொட்டுப் பிடிப்பது வேறு வேலை. விரல் அரை நொடி தங்கினாலே போன் பிடித்ததாக எடுத்துக்கொள்ளும். மெதுவாகத் தொடுகிற பெரியவர்கள் முகப்பில் ஐகானைத் திறக்கப் போய், அது இடம் மாறி, அப்புறம் காணாமலே போகும். சாம்சங்கில் அக்சசிபிலிட்டி → இன்டராக்ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி போய் டச் அண்ட் ஹோல்டு டிலே என்பதைக் கூட்டுங்கள். மற்ற ஆண்ட்ராய்டுகளில் அக்சசிபிலிட்டியின் டைமிங் கன்ட்ரோல்ஸில் இருக்கும். ஐபோனில் அக்சசிபிலிட்டி → டச் → ஹாப்டிக் டச் போய் ஸ்லோ வையுங்கள். கை நடுங்கி ஒரு தொடுதல் இரண்டாக விழுகிறவர்களுக்கு, ஐபோனின் டச் அக்காமடேஷன்ஸிலும் சாம்சங்கின் அதே பக்கத்திலும் திரும்பத் திரும்பத் தொடுவதைப் புறக்கணிக்கும் வசதி உண்டு. சாம்சங்கில் முகப்புத் திரை அமைப்பைப் பூட்டும் வசதியும் இருக்கிறது; ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸில் அதையும் ஆன் செய்தால் ஐகான் ஓடாது.

எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரேயடியாகக் கோடி வரை தள்ளாதீர்கள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதுகிறவர்களுக்குக் கூகுள் சொல்வது ஒரு பட்டன் சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று. எழுத்து ரொம்பப் பெருத்தால் சில ஆப்களில் பட்டன் திரைக்கு வெளியே தள்ளப்பட்டு, சம்மதம் என்று அமுத்த இடமே தெரியாது. ஒவ்வொரு படியாகக் கூட்டி, யுபிஐ ஆப்பைத் திறந்து பார்த்து நிறுத்துங்கள்.

விரல் பட்டும் திரை கேட்கவில்லை

இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கிற மெல்லிய மின்கட்டத்தின் மின்னேற்றத்தை மின்சாரம் கடத்துகிற விரல் மாற்றுவதைத்தான் அளக்கின்றன. அதனால்தான் எவ்வளவு அழுத்தினாலும் பலனில்லை. சென்னிமலையில் தறி ஓட்டுகிறவர்கள், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டை உரிக்கிறவர்கள், ஈரோட்டு மண்டியில் மஞ்சள் அள்ளுகிறவர்கள் என்று தோல் காய்த்து வறண்ட விரலைத் திரை சரியாகப் பார்க்காது. விரல் நுனியைக் குத்தாமல் நுனிக்குக் கீழே இருக்கிற சதைப்பகுதியை வைத்துத் தொடுங்கள். உள்ளங்கையில் ஒருமுறை தேய்த்துக்கொண்டாலும் உதவும். விரல் ரேகை தேய்ந்து பூட்டுத் திறக்கவில்லை என்றால் அதே விரலை இரண்டாம் முறையும் வேறு விரலாகப் பதியலாம்.

டெம்பர் கிளாஸ் கனமாக இருந்தாலும் தொடுதல் மங்கும். சாம்சங்கில் டிஸ்ப்ளே → டச் சென்சிடிவிட்டி ஆன் செய்யுங்கள். புது கிளாஸ் ஒட்டிய பிறகு திரைக்குள் இருக்கிற ரேகை சென்சாரில் விரலை மறுபடி பதிய வேண்டிவரும். ஓர ஸ்வைப் மட்டும் வரவில்லை என்றால் பேக் கவரைக் கழற்றிப் பாருங்கள்: விளிம்பு தூக்கலாக இருக்கிற கவரில் விரல் கவரின் மேலேயே வழுக்கி, கண்ணாடியின் ஓரத்தைத் தொடாமலே உள்ளே வந்துவிடும். கவரை மாற்ற மனசில்லை என்றால் ஆண்ட்ராய்டில் நேவிகேஷன் பக்கத்தில் பின்செல்லும் உணர்திறனைக் கூட்டலாம். ரொம்பக் கூட்டினால் நடுவில் போட்டோ தள்ளும்போதெல்லாம் பின்னால் ஓடும்.

யாரும் தொடாமலே திரை தானாக வேலை செய்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். மட்டமான சார்ஜரிலும் எர்த் சரியில்லாத பிளக்கிலும் வருகிற மின் இரைச்சல், திரை அளக்கிற அந்த மின்னேற்றத்தைக் குழப்பிவிடும். பிடுங்கியதும் நின்றால் போனில் குறையில்லை, சார்ஜரை மாற்றுங்கள். நிற்கவில்லை என்றால் திரையைத் துடைத்து, டெம்பர் கிளாஸை எடுத்துவிட்டு ஒரு சோதனை: முகப்பில் ஒரு ஐகானை அமுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுக்க வரி வரியாக இழுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் ஐகான் நழுவினால் அந்தப் பட்டையில் டச் செத்துவிட்டது. டிஸ்ப்ளே மாற்றத்தான் வேண்டும். கடையில் கொடுக்கும் முன் எந்தத் தரம் போடுகிறார்கள் என்று கேளுங்கள்: அமோலெட் திரை இருந்த போனில் விலை குறைவு என்று எல்சிடி போட்டால் திரைக்குள் இருந்த ரேகை சென்சார் வேலை செய்யாது, ஐபோன் 11 முதல் வந்தவற்றில் வெளிக் கம்பெனித் திரை போட்டால் செட்டிங்ஸ் → ஜெனரல் → அபவுட் பக்கத்தில் அது பதிவாகியிருக்கும். பின்னாளில் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.